அம்மா தட்டைக் கையில் எடுத்தபோது

என் அம்மாவுக்குப் புதுச்சேரி என்றால் ஜிப்மர்தான். எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு இரண்டு வருடம் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ் பிடித்து ஜிப்மருக்குப் போய்வந்தார். கையில் ஒரு தூக்கு, அதில் புளிச்சோறு. பையில் இரண்டு பாட்டில் தண்ணீர். மதியம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாயந்திரம் அதே பஸ் நிலையம், அதே பஸ். அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடத்தில் அம்மா ஒரு நாள்கூடக் கடலைப் பார்க்கவில்லை. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை.

இந்த மே மாதம் நான் அம்மாவையும் தம்பி மகனையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போனேன். வேலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, சொந்தக்காரர் வீட்டு விசேஷமும் இல்லை. சும்மா போனோம். எங்கள் குடும்பத்தில் யாரும் சும்மா ஓர் ஊருக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. மூன்று மாதம் சேர்த்து வைத்த ஏழாயிரம் ரூபாய் என்னிடம் இருந்தது.

கிளம்புகிற அன்று காலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தால் அம்மா அடுப்படியில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருக்கிறார்.

"வேணாம்மா. ஓட்டல்ல சாப்புடலாம்னுதானே போறோம்" என்றேன்.

"இருக்கட்டும். வெளியூர்ல சோறு கெடைக்குமோ கெடைக்காதோ" என்று சொல்லிவிட்டுத் தூக்கை மூடினார்.

சுற்றுலாப் பயணிகளுக்காகத் தெருவுக்குத் தெரு உணவகம் வைத்திருக்கிற ஊருக்குப் போகும்போது, சோறு கிடைக்குமோ என்று ஒருவர் கவலைப்படுகிறார் என்றால் அது அறியாமை அல்ல, அனுபவம். பாபாசாகேப் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறிய நினைவுக்குறிப்பை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்கப்பட்டிருக்கிற நூல் அது. அதன் முதல் சம்பவமே ஒரு விடுமுறைப் பயணம்தான். 1901. அவருக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையைத் தந்தையோடு கழிப்பதற்காக அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் சாத்தாராவிலிருந்து ரயிலேறுகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நல்ல உடை உடுத்தியிருந்ததால் ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களைப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அக்கறையாக விசாரிக்கிறார். மகர் என்று பதில் வந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. பிறகு இரட்டைக் கூலிக்கு ஒரு மாட்டு வண்டி கிடைக்கிறது. வண்டியை ஓட்டியது அந்தப் பிள்ளைகள்தான், வண்டிக்காரர் கூட நடந்து வந்தார். அவர்களிடம் வேண்டிய அளவு சாப்பாடு இருந்தது. தண்ணீர் கொடுக்கத்தான் வழியில் ஒருவரும் இல்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் பட்டினியாகப் படுத்தார்கள்.

அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஆனால் பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்தார்.

முதல் நாள் சாயந்திரம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை. சாலை முழுக்க மனிதர்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாறைகள் மேல் உட்கார்ந்தார். வெகு நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஒங்கப்பாவக் கூட்டியாந்து காட்டியிருக்கலாம். ரெண்டு ரூவா டிக்கெட்டுல வந்திருக்கலாம். தோணல" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளைக்காரத் தெருக்கள் இருக்கும் பக்கமாகவே ஓர் உணவகத்துக்குப் போனேன். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண்கள், முற்றத்தில் மரம், மரத்தில் சின்னச் சின்ன விளக்குகள். பெயர் வேண்டாம். வாசலில் நின்ற காவலாளி எங்களுக்கு முன்னால் போன நான்கு பேரை வணக்கம் சொல்லி உள்ளே விட்டார். எங்களைப் பார்த்ததும் அவர் பார்வை அம்மாவின் ரப்பர் செருப்புக்குப் போனது. "புக்கிங் இருக்கா?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். உடனே வழிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் நான் ஆங்கிலத்தில் பேச வேண்டிய அவசியமே இல்லை. அவர் தமிழில்தான் கேட்டார். ஆனால் இந்த மாதிரி வாசல்களில் என் வாய் தானாக ஆங்கிலத்துக்கு மாறிவிடும். எங்கே எந்தச் சாவி திறக்கும் என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம்.

உட்கார்ந்தோம். தம்பி மகனுக்கு ஒன்பது வயது. மெனு கார்டைப் பிரித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "நல்லா சாஞ்சி ஒக்காரு ஆயா" என்று அவன்தான் சொன்னான்.

மெனுவில் பீஃப் ஸ்டேக் 700 ரூபாய் என்று போட்டிருந்தது. அம்மா அது என்னவென்று கேட்டார்.

"மாட்டுக்கறிதாம்மா."

அம்மா சட்டென்று சுற்றும் முற்றும் பார்த்தார். "மெதுவா பேசு" என்றார்.

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் அதைத்தான் கத்தியும் முள்கரண்டியும் வைத்து வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பேச்சைக் கேட்டால் சென்னைக்காரர்கள் மாதிரி இருந்தது. அவர்கள் யாரும் மெதுவாகப் பேசவில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி எடுத்தால் அதற்குப் பெயர் 'பெரிய கறி'. பையை முந்தானைக்குள் மறைத்துத்தான் அம்மா எடுத்துவருவார். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் போடுவார். ஊர்த்தெருப் பிள்ளைகள் யாராவது வருவதாக இருந்தால் கயிறு வீட்டுக்குள் போய்விடும். எட்டாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடியும் வரை நான் தயிர்ச்சோறுதான் கொண்டுபோனேன். எனக்குத் தயிர் பிடிக்காது.

நாம் சாப்பிட்டால் அது நம்மை இழிவுபடுத்தக் கிடைத்த காரணம். அதையே விளக்கு வெளிச்சத்தில், பிரெஞ்சுச் சாஸ் ஊற்றி, 700 ரூபாய்க்கு இன்னொருவர் சாப்பிட்டால் அது ரசனை. அப்படியானால் பிரச்சினை கறியில் இல்லை, சாப்பிடுகிற வாயில் இருக்கிறது.

"இதுக்கா எழுநூறு?" என்றார் அம்மா. சோறும் மீன் குழம்பும் சொன்னோம். சின்னவன் ஐஸ்கிரீம் இரண்டு தடவை கேட்டு வாங்கினான். சப்ளையரை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா எழுந்தார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். தன் தட்டையும் டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே கழுவுவது என்று தேடிக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றார். சப்ளையர் தம்பி பதறி ஓடிவந்து, "அம்மா, வையுங்கம்மா, நாங்க எடுத்துக்கறோம்" என்று வாங்கப் பார்த்தார். அம்மா விடவில்லை. "இருக்கட்டும்பா, கழுவிக் குடுத்துடறேன்" என்றார். பக்கத்து மேஜையில் ஒரு பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்தாள்.

நான் எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "மானத்த வாங்காதம்மா. வெச்சிட்டு வா."

இதைத்தான் நான் எழுத வந்தேன். பத்து வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சுயமரியாதை பற்றி வகுப்பெடுக்கிறவள் தன் அம்மாவிடம் சொன்ன வார்த்தை இது. அம்மா தட்டை வைத்துவிட்டார். அறைக்குப் போகும் வரை எதுவும் பேசவில்லை.

இரவு தூக்கம் வரவில்லை. அம்மாவும் விழித்துத்தான் இருந்தார். "தப்பா சொல்லிட்டேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குக் கொட்டாங்குச்சியில்தான் டீ. பிறகு கொட்டாங்குச்சி போய்க் கண்ணாடி டம்ளர் வந்தது. அதுவும் தனி டம்ளர். கடைக்கு வெளியே கூரையில் செருகியிருக்கும். நாமே எடுக்க வேண்டும், நீட்டிப் பிடிக்க வேண்டும், மேலே இருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்துச் செருக வேண்டும். காசைக் கையில் வாங்க மாட்டார்கள், பலகையில் வைத்துவிட்டு வர வேண்டும். நடவுக்குப் போகிற வீட்டில் கூழ் குடித்தாலும் அப்படித்தான். "கழுவி வெக்கலன்னா அடுத்த நாளு டீ கெடையாது. திட்டு வேற. சாப்ட்டா கழுவணும்னு கை பழகிப்போச்சு. மனசுக்குத் தெரியும், கைக்குத் தெரியல" என்றார்.

இரட்டைக் குவளை முறை பற்றி நான் அறிக்கை எழுதியிருக்கிறேன். எம்.ஏ. சமூகவியலில் உடனுண்ணல் பற்றி ஒரு பாடமே படித்தேன். அமெரிக்க மானிடவியலாளர் மெக்கிம் மேரியட் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில், யார் கையால் யார் எந்த உணவை வாங்குவார்கள், யார் வாங்க மாட்டார்கள் என்று கட்டம் போட்டு, சாதிகளின் மேல்கீழ் வரிசையை அதிலிருந்து காட்டினார். நெய்யில் செய்த பலகாரத்துக்கு ஒரு வரிசை, தண்ணீரில் வெந்த சோற்றுக்கு ஒரு வரிசை, எச்சிலுக்கு ஒரு வரிசை. அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். ஆனால் அந்தக் கட்டத்தின் கடைசி வரிசை என் அம்மாவின் கையில் இன்னும் இருக்கிறது என்பதை அன்று இரவுதான் பார்த்தேன்.

பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "சரி, நான் பழக்கத்துல எடுத்தேன். நீ எதுக்குப் பயந்த?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. அம்மா தட்டை எடுத்தால் நாங்கள் யார் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். வாசலில் ஆங்கிலம் பேசி வாங்கிய நாற்காலியை அந்த எச்சில் தட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். மசூர் ஸ்டேஷனில் பதில் வரும் வரைக்கும்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மரியாதை இருந்தது. 700 ரூபாய் ஸ்டேக் விற்கிற உணவகத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையும் அந்த ஜாதிதான். யாரும் கேட்காத வரைக்கும் இருக்கும்.

மறுநாள் காலை, வெள்ளைக்கார நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற அந்தப் பெரிய வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதிப் பக்கம் நடந்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அந்தப் பக்கம் வெள்ளை நகரம், இந்தப் பக்கம் கறுப்பு நகரம். சம்பா கோயிலைப் பார்த்ததும் சின்னவன் நின்றான். அவனுக்கு ஒரு கதை சொன்னேன். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிற சம்பவம் அது. 1745இல் இங்கே இருந்த பழைய கோயிலுக்குள், பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரிக்க நடுவில் ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு இது என்ன நியாயம் என்று கேட்க, நம் ஆட்கள் பெரிய பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். இப்போது நிற்பது அதற்குப் பின்னால் கட்டிய கோயில்.

"அந்தச் செவரு இப்ப எங்க அத்த?" என்று கேட்டான்.

"இடிச்சிட்டாங்கடா" என்றேன். முந்தின இரவு நான் அம்மாவிடம் பேசியது நினைவுக்கு வந்தது. முழுசாக இடிக்கவில்லை என்று அவனிடம் சொல்லவில்லை.

மதியம் அந்தப் பக்கமே ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். இலைச் சாப்பாடு இல்லை, எவர்சில்வர் தட்டு. மேஜை துடைக்கிற அக்கா, அம்மாவின் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பார், அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊரும்மா?"

நான் முந்திக்கொண்டு, "திண்டிவனம்" என்றேன். பழக்கம். பெரிய ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

அம்மா என்னைப் பார்த்துவிட்டு அந்த அக்காவிடம் ஊர்ப் பெயரைச் சொன்னார். கூடவே, "காலனி" என்றும் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.

அந்த அக்காவின் முகம் மலர்ந்தது. "நாங்களும் காலனிதாம்மா. விழுப்புரம் பக்கம்" என்றார். ஆறு வருடமாக இங்கே வேலையாம். காலை ஏழு மணிக்கு வந்தால் ராத்திரிதான் வீடு. "சாப்ட்டியா?" என்று அம்மா கேட்டார். "நாலு மணிக்கு மேல உள்ளாற சாப்புடுவோம்." "இப்பிடி ஒக்காந்து ஒரு வாய் சாப்புடேன்" என்று அம்மா நாற்காலியைக் காட்டினார். அந்த அக்கா கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். உட்காரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா எங்கள் மூன்று தட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். மிச்சத்தை மேல் தட்டில் ஒதுக்கினார். டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டார். அந்த அக்கா ஒரே கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி வைத்துவிட்டு எழுந்தார். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. என் தட்டையும் தள்ளிக் கொடுத்தேன். டீக்கடையில் கழுவி வைத்ததும் இதுவும் ஒன்று அல்ல என்பது எனக்கே தெரிந்தது. அது பயத்தில் செய்தது. இது இன்னொருத்தியின் கை வலிக்கும் என்று தெரிந்து செய்தது.

தோழர்களே, நீங்கள் கேட்கலாம்: நாட்டில் இவ்வளவு வன்கொடுமை நடக்கும்போது கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றி என்ன எழுத்து? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கள வேலையில் இருக்கிற நமக்கு ஓய்வு என்றாலே குற்ற உணர்வு வரும். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி, இங்கெல்லாம் நுழையச் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமும் உணவகத்தில் பாகுபாடு காட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நன்றாக உடுத்தி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கேட்டதை வாங்கிச் சாப்பிடுவது ஆடம்பரம் என்றால் அதைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

அம்பேத்கரும் சுற்றுலா போனார். 1934இல் சக தோழர்களோடு வேரூல் குகைகளைப் பார்க்கப் போகிற வழியில் தௌலதாபாத் கோட்டையில் இறங்கினார்கள். புழுதி போக அங்கிருந்த குளத்தில் முகம் கை கால் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது என்று ஆயுதம் ஏந்திய ஒரு காவலரைக் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். அப்போது அவர் பாரிஸ்டர், வட்டமேஜை மாநாடுகளில் பேசிவிட்டு வந்தவர். ஆங்கிலமும் கோட்டும் அவரையே காப்பாற்றவில்லை. என் ஆங்கிலம் என்னைக் காப்பாற்றும் என்று நான் நம்பினேன்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டே விஷயம்தான். முதலாவது, போங்கள். சம்பாதிக்கத் தொடங்கியதும் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்காக இல்லாமல் ஓர் ஊருக்குப் போங்கள். அவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தால் அவசரப்படுத்தாதீர்கள். தட்டை எடுத்தால் நான் சொன்னதைச் சொல்லிவிடாதீர்கள். வெட்கப்பட வேண்டியது அந்தக் கையைப் பழக்கியவர்கள்தான்.

இரண்டாவது, காசு கொடுத்து உட்கார்ந்த நாற்காலியைச் சமத்துவம் என்று நம்பிவிடாதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி போய்விடாது என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் எழுதிவிட்டார். நம் பெயர், ஊர், தெரு தெரிந்த பிறகும் அந்த நாற்காலி நமக்கு இருக்கிறதா என்பதுதான் சோதனை. அந்தச் சோதனையை என் அம்மா ஒரு மெஸ்ஸில், ஒரே சொல்லில் செய்துவிட்டார். எனக்கு இன்னும் வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் கடைசியாகக் கடற்கரைக்குப் போனோம். மெஸ்ஸிலிருந்து வந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது, ஆனால் சின்னவனுக்கு மறுபடி பசி. அம்மா பையிலிருந்து தூக்கை எடுத்தார். புளிச்சோறு கெட்டுப்போகவில்லை. பாறை மேல் உட்கார்ந்து மூன்று பேரும் அதைத் தின்று தீர்த்தோம். பாட்டில் தண்ணீரில் கை கழுவினோம்.

பஸ்ஸில் கூட்டம். அம்மாவுக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பி, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்:

"அடுத்த தடவ வந்தா அந்த எழுநூறு ரூவா மாட்டுக்கறிய வாங்கிக் குடு. நம்ம வூட்டுக் கறியவிட அப்பிடி இன்னாதான் இருக்குன்னு பாக்கறேன்."

ஜெய்பீம்.